அவசரம் என்றால் ஒன்றை அழுத்தவும்

கடையை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் செல்போன் அடித்தால், "வணக்கம், மோட்டார் கடைங்க, எந்த ஊருங்க?" என்றுதான் வாய் தானாகச் சொல்கிறது. போன மாதம் எங்கள் பங்குச் சாமியாரிடமே அப்படிக் கேட்டுவிட்டேன். அவரும் சளைக்காமல் ஊரைச் சொல்லிவிட்டு, "மோட்டார் நல்லாத்தான் ஓடுது மேரி. ஞாயித்துக்கெழமைப் பூசையில வாசகம் வாசிக்கத்தான் ஆள் வேணும்" என்றார். என் வீட்டுக்காரர் சூசை சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது.

இருபத்தேழு வருடம் தஞ்சாவூரில் ஒரு பம்புசெட் மோட்டார் ரிப்பேர் கடையில் போன் எடுத்தேன். வேலை அதுதான். ரிசப்ஷனிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் யாரையும் நான் வரவேற்றதாக நினைவில்லை. கடைக்கு வருகிறவர்கள் நேரே உள்ளே மெக்கானிக்கிடம் போய்விடுவார்கள். எனக்கு வந்ததெல்லாம் குரல்தான். இடது காது இப்போது பாதி கேட்பதில்லை. வலது காதை மிச்சம் பிடித்து வைத்திருக்கிறேன்.

பழையதைக் கிளறிவிட்டது இந்திரா. முதலாளியின் மகள். நாற்பது வயதாகிறது, நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அப்பா இறந்த பிறகு கடையை அவள்தான் நடத்துகிறாள். நான் எழுந்து வந்த நாற்காலியில் இரண்டு வருடத்துக்குள் மூன்று பேர் உட்கார்ந்து மூன்று பேரும் போய்விட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்கு வேறு நல்ல வேலை. மூன்றாவது பெண் குறுவை சீசனில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அழுதுகொண்டே வெளியே போனவள், டிபன் பாக்ஸை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

இந்திரா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "அக்கா, தானா பேசுற போன் ஒண்ணு வச்சிடலாமான்னு இருக்கு. மெஷினா, மனுசங்களான்னு நீங்க சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செவத்துல இருந்த ரெண்டு ஆணி, பாப்பா."

"அதையே எழுதிக் குடுங்க."

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் விட்டுப்போனதையும் அதற்கப்புறம் நடந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மனுசக் குரலுக்கு ஈடாகுமா என்று ஆரம்பித்தால் படிக்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. சீசனில் ஒருவரிடம் பேசி முடிப்பதற்குள் இன்னும் நாலு பேர் அடித்து அடித்து ஓய்ந்துபோவார்கள். மெஷின் அந்த நாலு பேரையும் எடுக்கும். அது சாப்பிடப் போகாது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து கஸ்டமரிடம் எரிந்து விழாது. நான் விழுந்திருக்கிறேன். "தங்கச்சி" என்று கூப்பிட்டவர்களிடம் குழைந்திருக்கிறேன், "ஏம்மா" என்று ஆரம்பித்தவர்களிடம் வெடுக்கென்று பேசியிருக்கிறேன். இதையெல்லாம் மனுசத்தனம் என்று பெருமையடித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பன்னிரண்டாவதும் டைப்பிங் லோயரும் முடித்திருந்தேன். மோட்டாருக்கு எது தலை, எது வால் என்று தெரியாது. முதல் பத்து நாள் முதலாளி என்னைப் போனைத் தொடவே விடவில்லை. மெக்கானிக் செல்வராஜ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, ஸ்டார்ட்டர் எது, கெப்பாசிட்டர் எது, கிணற்று மோட்டார் எது, போருக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார் எது என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். பதினோராம் நாள் ரிசீவரைக் கையில் கொடுத்தார். படிப்பு அத்தோடு முடிந்தது.

முதலாளி பெயர் ராமலிங்கம். கடையின் பின்பக்கம் மேசை போட்டு, எரிந்துபோன மோட்டாருக்குத் தானே காயில் சுற்றிக்கொண்டிருப்பார். சுற்றும்போது உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும், தலை நிமிராது. ஆனால் போன் மூன்று தடவை அடித்துவிட்டால் கை நின்றுவிடும். நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். நான் எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பிப்பார். அவர் போனில் பேசி நான் பார்த்ததே இல்லை. கேட்டால், "என் கொரல் அதட்டுற மாதிரி இருக்கும் மேரிம்மா, ஏற்கெனவே மோட்டார் போயி வந்திருக்கான்" என்பார்.

போன் எடுத்தால் முதலில் ஊரைக் கேட்க வேண்டும், பேரைக் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். நான் ஒரு தடவை பேரை முதலில் கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார்: "பேர மொதல்ல கேட்டா, இன்னாரு வீடான்னு மனசு அங்க போயிடும். ஊரக் கேட்டா வழிக்குப் போவும். நமக்கு வழி போதும்." அவர் அப்படி நீளமாகப் பேசுவது அபூர்வம்.

ஊர், இறங்க வேண்டிய பஸ் நிறுத்தம், எந்த வாய்க்கால், மோட்டார் எத்தனை எச்.பி., கிணறா போரா, மும்முனை கரண்ட் எத்தனை மணிக்கு விடுவார்கள், மோட்டார் என்ன செய்கிறது, கடைசியில் பேர். இவ்வளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். சுவரில் இரண்டு ஆணி. ஒன்று "இன்று", ஒன்று "நாளை". சீட்டை ஏதாவது ஒரு ஆணியில் குத்த வேண்டும். செல்வராஜும் இன்னொரு மெக்கானிக்கும் காலையில் "இன்று" ஆணியிலிருந்து சீட்டுகளை உருவிக்கொண்டு கிளம்புவார்கள். மிஸ்டு கால் வந்தாலும் நான் திருப்பிக் கூப்பிட்டுச் சீட்டு எழுதியாக வேண்டும்.

போகப் போக எனக்கே கொஞ்சம் வைத்தியம் கைவந்தது. "போனை மோட்டார் பக்கத்துல புடிங்க" என்பேன். உறுமல் மட்டும் கேட்டு, சுற்றுகிற சத்தம் இல்லையென்றால், மும்முனையில் ஒரு முனை, ஃபேஸ் என்பார்கள், வரவில்லை என்று அர்த்தம். "மொதல்ல ஆஃப் பண்ணுங்க, காயில் எரிஞ்சிடும். ஃபியூஸப் பாருங்க" என்று சொல்லி ஆளே அனுப்பாமல் ஓட வைத்த மோட்டார்கள் உண்டு. அந்தத் திமிர்தான் கடைசியில் என்னைக் கவிழ்த்துவிட்டது.

சேர்ந்து ஆறேழு வருடம் இருக்கும். கூட்டம் தாங்கவில்லை. எந்தச் சீட்டை எந்த ஆணியில் குத்துவது என்று ஒவ்வொரு தடவையும் முதலாளியைக் கேட்க முடியவில்லை. நானாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன்: "அவசரமாங்க?" ஆமாம் என்றால் "இன்று". இல்லையென்றால் "நாளை". "நாளை"யில் இருப்பதை, இடம் இருந்தால் மறுநாள் "இன்று"க்கு மாற்றுவேன். வேலை பாதியாகக் குறைந்தது. முதலாளி கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வரத் தாமதம். போர் வைத்திருந்தவர்கள் அதை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அம்மா, வணக்கம்மா. மோட்டார் ஓடலைங்க."

"எந்த ஊருங்க?"

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு ஊரைச் சொன்னாள். நிறுத்தம், பக்கத்தில் இருக்கிற பெட்டிக்கடை, வாய்க்கால் மதகு எல்லாம் அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். ஐந்து எச்.பி. நீர்மூழ்கி. சுவிட்சைப் போட்டால் ஸ்டார்ட்டர் பிடிக்கவில்லை.

"அவசரமாங்க?"

கொஞ்சம் தயங்கினாள். "அவசரமெல்லாம் இல்லீங்கம்மா. ஒங்களுக்குப் பெரிய பெரிய வேலையெல்லாம் இருக்கும். அதெல்லாம் பாத்துட்டு, ஒழிஞ்சப்ப வரச் சொல்லுங்க."

பேர் வளர்மதி என்றாள். சீட்டை "நாளை" ஆணியில் குத்தினேன்.

பத்து நிமிடத்தில் ஒரு பண்ணைக்காரர். "ஏம்மா, எத்தன தடவ அடிக்கிறது? நான் யாருன்னு தெரியுமா? இன்னிக்கே ஆள் வரணும். அவசரம்!" செல்வராஜை அன்று மதியமே அனுப்பினேன். திரும்பி வந்து சொன்னார்: "தென்னந்தோப்புக்குத் தண்ணி விடணுமாம் மேரி. ரெண்டு நாள் கழிச்சுப் போயிருந்தாலும் தேங்கா ஒண்ணும் கோவிச்சிருக்காது." நானும் சிரித்தேன்.

செவ்வாயும் புதனும் அவசரக்காரர்களே "இன்று" ஆணியை நிறைத்துவிட்டார்கள். புதன்கிழமை மறுபடி வளர்மதி. "மறந்துட்டீங்களோன்னு சும்மாதாங்க கேட்டேன்."

"மறக்கலம்மா, சீட்டு இருக்கு. வந்துடுவாங்க."

"சரிங்கம்மா, சரிங்கம்மா. நீங்க ஒண்ணும் அவசரப்படாதீங்க."

எவ்வளவு நல்ல பெண், எல்லோரும் இப்படி இருந்தால் நம் வேலை எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது.

வியாழனும் வெள்ளியும் அப்படியே போய், சனிக்கிழமைதான் செல்வராஜ் போக முடிந்தது. திரும்பி வந்தவர் டீயைத் தொடவில்லை.

"ஸ்டார்ட்டர்ல ஒரு கான்டாக்ட் கருகியிருந்துச்சு. அரை மணி நேர வேலை" என்றார். அப்புறம், "நாத்து போச்சு மேரி" என்றார்.

"எந்த நாத்து?"

"அந்தம்மா விட்ட நாத்து. அங்க செம்மண்ணு, தண்ணி நிக்காது. பூமி பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. கொளத்துலேர்ந்து கொடத்துல தூக்கியாந்து ஊத்திருக்காங்க. ஒரு மூலையில பாய் விரிச்ச அளவுக்குத்தான் பச்ச இருக்கு."

நாலு மணிக்கு போன் அடித்தது. வளர்மதிதான். "அம்மா, ஆள் வந்து பாத்துட்டாருங்க. மோட்டார் ஓடுதுங்க. ரொம்ப நன்றிங்கம்மா." நாற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும்.

முதலாளி காயிலை வைத்துவிட்டு எழுந்து வந்தார். வளர்மதியின் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் படித்தார்.

"அவசரமான்னு கேட்டியா?"

"கேட்டேங்க. இல்லன்னுதான் சொன்னாங்க."

சீட்டை மேசையில் வைத்தார். "அவசரமான்னு கேட்டா, யாருக்கு ஆமான்னு சொல்லிப் பழக்கமோ அவங்கதான் ஆமாம்பாங்க" என்றார். குரல் உயரவில்லை. "கேட்டது நீ, பாத்துட்டுப் பேசாம இருந்தது நான். நாளைக்குப் பூசைக்குப் போயிட்டு, செல்வராஜோட பஸ் ஏறிப் போயி பாத்துட்டு வா."

போனேன். மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். தலைமுறை தலைமுறையாக ஊரான் வயலில் நட்டும் அறுத்தும் வந்த குடும்பம். தங்கள் பேரில் முதன்முதலாக வாங்கிய நிலத்தில் அது முதல் குறுவை. செல்வராஜ் சொன்ன அந்தப் பாய் அளவுப் பச்சையையும் பார்த்தேன். வளர்மதிக்கு என் வயதுதான் இருக்கும். வெயிலில் நிற்கிறேன் என்று ஓடிப்போய் நாற்காலி எடுத்து வந்தாள்.

"நான்தாங்க போன் எடுத்தது" என்றேன்.

"கொரல்லயே தெரிஞ்சுதும்மா. உக்காருங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "ஏங்க அவசரம் இல்லன்னு சொன்னீங்க?"

"ஒங்களுக்கு எத்தன பேரு அடிப்பாங்க. நம்மளும் சேந்து நச்சரிக்கணுமான்னு இருந்துட்டேம்மா" என்றாள். தப்பு அவளுடையது போலத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த நாற்காலியில் உட்கார வெட்கமாக இருந்தது.

என் அப்பாவும் கூலிக்கு நடவு, அறுப்பு என்று போனவர்தான். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், மூச்சு இளைக்க இளைக்க, "ஒண்ணும் இல்லீங்க, லேசாத்தாங்க" என்பார். அம்மா பின்னாலிருந்து இடிப்பாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் வீடுகளில் பிள்ளை அழுதால் வாயைப் பொத்தித்தான் பழக்கம். வளர்மதி பேசிய பேச்சு நான் பிறந்து வளர்ந்த வீட்டுப் பேச்சு. வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி கிடைத்ததும் மறந்துபோனது.

அந்தக் குறுவைக்கு அவர்களுக்கு வேறு நாற்று கிடைக்கவில்லை. வயல் சம்பா வரை சும்மா கிடந்தது. வளர்மதியின் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று பின்னால் செல்வராஜ் சொன்னார்.

திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கேள்வியை விட்டேன். முதலாளி மூன்று கேள்வி கொடுத்தார். நாற்று எத்தனை நாள்? கடைசியாகத் தண்ணீர் பாய்ந்தது எப்போது? தண்ணீருக்கு வேறு வழி இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் சொல்ல யாரும் கெஞ்ச வேண்டாம், மிரட்டினாலும் பலிக்காது. அதே பண்ணைக்காரர் அடுத்த வாரம் கத்தினபோது, "தோப்புக்குக் கடைசியா எப்ப தண்ணி விட்டீங்க?" என்று கேட்டேன். "நேத்து" என்றார். சொன்ன பிறகு அவருக்கே குரல் இறங்கிவிட்டது. மிச்சம் இருபது வருடமும் அந்த மூன்று கேள்வியோடுதான் ஓட்டினேன். அலுப்பாகத்தான் இருக்கும், ஒரு நாளும் குறைத்துக் கேட்டதில்லை.

இந்திராவுக்கு எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தின் சாரம் இதுதான். மெஷினை வை, எல்லாப் போனையும் அது எடுக்கட்டும். ஆனால் ஒரு ஆள் திருப்பிக் கூப்பிட்டு அந்த மூன்றையும் கேட்கட்டும். அவசரமா என்று மட்டும் யாரும், எதுவும் கேட்கக் கூடாது.

அவள் கவனமாகத்தான் படித்தாள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். "நீங்க சொல்றது சரிக்கா. ஆனா திருப்பிக் கூப்புட ஆள் எங்க இருக்கு? ஓட்டிப் பாக்கக் குடுத்த மெஷினையே அந்த மூணையும் கேக்க வச்சுப் பாத்தேன், பாதிப் பேரு கட் பண்ணிட்டுப் போயிடுறாங்க. ஒரே ஒரு பட்டன்னாதான் அழுத்துறாங்க. ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடை அவளுடையது. எனக்கு வாதாடவும் சக்தி இல்லை. மெஷின் வந்தது.

போன வாரம் எங்கள் வீட்டு மோட்டார் நின்றுவிட்டது. மாடித் தொட்டி காலி. சூசைக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி இருபது நாள், நடக்க முடியாது. இரண்டு வீடு தள்ளியிருக்கிற குழாயிலிருந்து குடத்தில் தூக்கி வந்துகொண்டிருந்தேன். இரண்டாம் நாள் இடுப்பு விட்டுப்போய், கடைக்குப் போன் போட்டேன்.

பெண் குரல். என்னுடையதைவிட இனிமை, கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. "அவசரம் என்றால் ஒன்றை அழுத்தவும். அவசரம் இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்."

நான் இரண்டை அழுத்தினேன். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அழுத்தவில்லை. விரல் நேராக அங்கேதான் போனது. "உங்கள் அழைப்பு பதிவாகிவிட்டது, நன்றி" என்றது.

"என்ன சொன்னாங்க?" என்று சூசை கட்டிலிலிருந்து கேட்டார்.

"ரெண்டை அழுத்திட்டேன்."

"ஏன்டி, வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல!"

குடத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், இந்திராவின் சொந்த நம்பருக்கு அடித்தேன்.

"பாப்பா, வீட்டு மோட்டார் ஓடல. கடைக்குப் போன் பண்ணேன், ரெண்டை அழுத்திட்டேன்."

"வீட்ல தண்ணி இருக்காக்கா?"

"நேத்துலேர்ந்து இல்ல. கொடத்துலதான் தூக்குறேன்."

"அப்புறம் ஏன்க்கா ரெண்டு?"

"தெரியல பாப்பா. கை போயிடுச்சு."

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவள் அப்பா காயில் சுற்றுவதை நிறுத்துவது மாதிரியே அவளும் நிறுத்திவிட்டாள்.

"இன்னிக்கு ரெண்டை அழுத்தினவங்க எத்தன பேரு?" என்று கேட்டேன்.

எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒங்களோட சேத்துப் பதினாலு" என்றாள்.

"யாருகிட்டயாச்சும் பேசினியா?"

"இல்லக்கா. ஒண்ணை அழுத்தினவங்களையே இன்னும் முடிக்கல."

"நாத்து எத்தன நாளுன்னு கேளு பாப்பா."

அவளே உட்கார்ந்து பதிமூன்று பேரையும் கூப்பிட்டிருக்கிறாள். நாலு பேர் வயலில் நாற்று காய்ந்துகொண்டிருந்தது. அந்த நாலு ஊருக்கும் அன்று மதியமே ஆள் போய்விட்டது. இப்போது மெஷின் ஊரையும் நம்பரையும் மட்டும் சொல்லச் சொல்கிறது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை இந்திரா உட்கார்ந்து எல்லோரையும் திருப்பிக் கூப்பிடுகிறாள். எத்தனை நாளைக்கு முடியும் என்று தெரியவில்லை. குரல் இப்போதே கட்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்குச் செல்வராஜ் வந்தது மறுநாள் சாயங்காலம். இருபத்தேழு வருடம் உழைத்தவளுக்கு இவ்வளவுதானா மரியாதை என்று சூசை அவர் காதுபடவே சத்தம் போட்டார். செல்வராஜ் ஸ்டார்ட்டரைக் கழற்றினார். உடனே ஆள் அனுப்புகிறேன் என்று இந்திரா முதல் நாளே சொன்னதும், எங்க வேலை கெடக்குது பாப்பா, மத்தவங்களைப் பாத்துட்டு ஒழிஞ்சப்ப வரச் சொல்லு என்று நான் சொன்னதும் சூசைக்கு இன்றுவரை தெரியாது.